மரத்த உடம்பும் மரவாத மொழியும்

(கொடைக்கானலில் இளமருத்துவர்களும் தமிழன்பர்களும் கூடியிருந்த அவையில், மயக்கவியல் பயிற்றும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

   

மருத்துவத்தில் தமிழ் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். நான் சொல்லாராய்ச்சி வல்லவன் அல்லன். மேடைப் பேச்சாளனும் அல்லன். முப்பது ஆண்டுகளாக அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுப்பதும், அதனைக் கொடுக்க இளைஞர்க்குக் கற்பிப்பதுமே என் தொழில். ஆகவே, தமிழின் தொன்மை இது, பெருமை இது என்று விரித்துரைக்க நான் முற்படவில்லை. அதனைச் செய்வார் பலர் உளர். என் தொழிலில் தமிழ் அறியாமையால் நேரும் இடரையும், தமிழ் அறிந்தமையால் காக்கப்படும் உயிரையும் மட்டுமே சொல்லப் போகின்றேன். கேட்டபின் முடிவு செய்வது உங்கள் பொறுப்பு.

ஓரறிவை உறங்கவைக்கும் கலை

மயக்க மருத்துவம் இருவகைப்படும். ஒன்று முழுமயக்கம். நோயாளி உறங்கிவிடுவார், கத்தி பட்டதும் தெரியாது, காலம் போனதும் தெரியாது. மற்றொன்று, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்வது. இதனைப் பகுதி மரப்பு என்போம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வது தண்டுவட மரப்பு. காறையெலும்பின் மேலோ அக்குளிலோ நரம்புக் கொத்தின் அருகே மருந்தைச் செலுத்திக் கையை மட்டும் மரக்கச் செய்வது நரம்பு மறிப்பு. நம் சிற்றூர்த் தாய்மார் இவை எல்லாவற்றிற்கும் ஒரே பெயர் வைத்திருக்கின்றனர். "மரத்துப்போற ஊசி" என்பர். நூல்களில் உள்ள எந்தச் சொல்லைக் காட்டிலும் இது தெளிவானது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்தும்போது, உற்றறிவையே, அஃதாவது தொட்டறியும் அறிவையே முதலறிவாக வைத்தார். சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் ஆகியவை அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. பகுதி மரப்பு என்பது அந்த முதலறிவை மட்டும், அதுவும் உடலின் ஒரு பகுதியில் மட்டும், சில மணி நேரத்திற்கு உறங்கவைக்கும் கலை. ஏனைய ஐந்தும் விழித்திருக்கும். நோயாளி பார்க்கிறார்; கேட்கிறார்; அஞ்சுகிறார்; பேசுகிறார். இந்த ஒன்றை மறவாதீர்கள். அவர் பேசுகிறார் என்பதன்மேல்தான் என் உரை முழுவதும் நிற்கிறது.

இக்கலையின் வரலாறு நெடியதன்று. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் இளமருத்துவர், கோக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஐடல்பர்க்கு நகரில் கூடிய கண்மருத்துவர் அவையில் அது வெளியிடப்பட்டது. வழிச்செலவுக்குப் பணமின்மையால் கோலர் போகவில்லை. வேறொருவர் அவருடைய கட்டுரையைப் படித்தார். 1898 ஆகசுட்டு மாதத்தில் செர்மனியின் கீல் நகரில் ஆகசுட்டு பீயர் தண்டுவட மரப்பைச் செய்து காட்டினார். பிறகு தம் துணைமருத்துவர் இல்டபிராண்டின் முதுகில் தாமே ஊசி போட்டு, அவருடைய முழந்தாளுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை என்றார் துணைவர். அந்த ஒரு விடைதான் உலக அறுவை மருத்துவத்தை மாற்றியது. அன்றும் ஆய்வுக்குச் சான்று, மரத்த உடம்புக்குரியவன் தன் மொழியில் சொன்ன சொல்லே. அடுத்த நாள்களில் இருவர்க்கும் கடுந்தலைவலி வந்தது. பீயர் பல நாள் படுக்கையிலேயே கிடந்தார். இன்று மெல்லிய ஊசியும், 1943இல் சுவீடனில் ஆக்கப்பட்ட இலிக்னோகெயினும், 1957இல் அங்கேயே ஆக்கப்பட்ட பூப்பிவகெயினும் இக்கலையை அச்சமற்றதாக்கிவிட்டன.

மலைக்கு ஏற்ற மருத்துவம்

இதனைக் கொடைக்கானலில் வந்து சொல்வானேன் என்று கேட்பீர்கள். கரணியம் உண்டு.

நாம் இருக்கும் இவ்விடம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. உயிர்வளியின் அழுத்தமும் அவ்வாறே குறையும். சிரிப்பூட்டும் வளி எனப்படும் மயக்க வளி, சென்னையில் வேலை செய்யும் அளவுக்கு இங்கே வேலை செய்யாது. முழுமயக்கத்திலிருந்து எழும் நோயாளிக்கு மூச்சில் சிறு குறை நேர்ந்தாலும் குருதியில் உயிர்வளி விரைந்து இறங்கும். ஆதலின் கையையோ காலையோ அடிவயிற்றையோ அறுக்க வேண்டுமாயின், நோயாளியை விழித்திருக்கவும் தாமே மூச்சுவிடவும் செய்யும் பகுதி மரப்பு மலைக்கு மிகவும் பொருந்தும். இங்கே கருத வேண்டிய மற்றொன்று குளிர். தண்டுவட ஊசி போட்டவுடன் கால்களின் குருதிக்குழாய்கள் விரியும், உடல் வெப்பம் வெளியேறும், தாய் நடுங்குவாள். சமவெளியில் பயின்ற மருத்துவர் இதனை எதிர்பாரார். மலையில் பயில்பவர், கம்பளியையும் வெதுவெதுப்பான உப்புநீரையும் ஊசிக்கு முன்னரே அணியமாக்கக் கற்கிறார்.

தொலைவையும் எண்ணிப் பாருங்கள். இங்கிருந்து மதுரை 120 கிலோமீட்டர். பழனி 64 கிலோமீட்டர், அத்தனையும் வளைவுகள். தேனியில் 2004இலும் திண்டுக்கல்லில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரத்திலே 1955 முதல் கிறித்தவ மருத்துவமனை நடந்து வருகிறது. எனினும் மன்னவனூரிலும் பூம்பாறையிலும் கூக்காலிலும் தாண்டிக்குடிச் சரிவுகளிலும் இருப்பவர்க்கு அவை மலையிறங்கினால்தான் கிட்டும். வெள்ளகவி போன்ற ஊரினர், ஊர்தி செல்லும் சாலையின்றி நெடுங்காலம் நோயாளியைத் தொட்டிலில் கட்டித் தூக்கியே இறங்கினர். மகப்பேற்றில் குழந்தை குறுக்கே கிடக்கும் தாய்க்கு ஒவ்வொரு வளைவும் ஒரு தவணை. இங்கேயே அறுக்கக்கூடிய மருத்துவரும், இங்கேயே மரக்கச் செய்யக்கூடிய மருத்துவரும் இருந்தாலன்றி அத்தவணை தீராது.

இதனை உணர்ந்தே இந்திய அரசு, மயக்கவியலில் மேற்பட்டம் பெறாத மருத்துவர்க்கும் 18 கிழமைப் பயிற்சி தந்து, மகப்பேற்று அறுவைக்கு வேண்டிய மயக்கத் திறனைக் கற்பிக்கும் திட்டத்தை வகுத்தது. அப்பயிற்சியின் நடுவண் பொருள்களில் ஒன்று தண்டுவட மரப்பு. சில மாதங்களே! அதற்குள் ஒருவரின் கையை நம்பத்தக்க கையாக ஆக்க வேண்டும். எப்படி ஆக்குகிறோம் என்பதைச் சொல்கிறேன்.

விரலுக்குக் கல்வி

முதலில் எலும்பைத் தொட்டு அறியக் கற்பிக்கிறோம். இரண்டு இடுப்பெலும்பு முகடுகளையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அது முதுகெலும்பில் நான்காம் இடுப்பு முள்ளையொட்டிச் செல்லும். தண்டுவடம் வளர்ந்தவர்க்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஆகவே அதன்கீழ் ஊசி செலுத்தினால் தண்டுவடத்தைக் குத்தும் அச்சம் இல்லை. பிறகு தோல், கொழுப்பு, முள்ளிடைத் தசைநார், மஞ்சள் தசைநார், உறை என ஒவ்வோர் அடுக்கையும் ஊசிமுனை கடப்பதை விரல் உணர வேண்டும். மஞ்சள் தசைநார் பிசினைப் போல் பற்றும். அதைக் கடந்தவுடன் ஒரு விடுதலை. உறையைக் கடக்கையில் ஒரு மெல்லிய வெடிப்பு. பின் பளிங்கு போன்ற நீர் சொட்டும். இதனை நூலில் படித்து யாரும் கற்றதில்லை.

அதற்காக நோயாளியின் முதுகிலேயே தொடங்கலாமா? கூடாது. நான் மாணவரிடம் முதலில் கொடுப்பது நம் விருப்பாச்சி மலைவாழைப்பழம். பழனிக் கோயில் ஐந்தமுதத்தில் சேரும் அதே பழம். தோலின் எதிர்ப்பும், அதனைக் கடந்தவுடன் சதையின் இளக்கமும் ஊசிக்கு நல்ல முதற்பாடம். கிச்சிலிப் பழமும் உதவும். பிறகு பொம்மை, பிறகு, ஆசிரியரின் கை மாணவரின் கைமேல் இருக்க, நோயாளி. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தண்டுவட ஊசியைப் பத்தில் ஒன்பது முறை தடுமாறாது செலுத்தும் நிலையை அடைய ஒரு மாணவர் ஏறத்தாழ 45 முறை செய்ய வேண்டும் என்றது. முதல் இருபது முறையில் முன்னேற்றமே கண்ணுக்குத் தெரியாது. இளவல்களே, முதற் கிழமையில் தோற்றதற்காக மனம் ஒடிந்துவிடாதீர்கள்!

நரம்பு மறிப்பில் இன்று மீயொலிக் கருவி வந்துவிட்டது. கோலரின் அதே வியன்னா நகர மருத்துவர்கள், 1994இல் அக்கருவியால் தோள் நரம்புக் கொத்தையும் மருந்து அதைச் சூழ்வதையும் கண்ணாற்கண்டு மறிக்கும் முறையை வெளியிட்டனர். நம் கோவையில், மயக்கவியல் மருத்துவர் ஒருவரால் 1978இல் தொடங்கப்பெற்ற கங்கா மருத்துவமனை, கை கால் அறுவையில் இம்முறையை ஆளுவதிலும் பிறர்க்குப் பயிற்றுவதிலும் நாடறிந்த இடமாக விளங்குகிறது. ஆனால் நம் நாட்டில், கருவின் பால் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீயொலிக் கருவி ஒவ்வொன்றும் இடத்தோடு பதிவு செய்யப்பட வேண்டும். நல்ல நோக்கமுள்ள சட்டம். பெண்மகவைக் காக்கும் சட்டம். ஆயினும் அதனால் கருவியை நினைத்தவுடன் ஊர்தியில் ஏற்றி மலைச் சிற்றூருக்குக் கொண்டுபோக இயலாது. ஆகவே, மலையில் பணி செய்யப்போகும் மருத்துவருக்குக் கருவியின் கண்ணையும் கற்பிக்க வேண்டும். கருவியில்லாதபோது உதவும் விரலின் கண்ணையும் கற்பிக்க வேண்டும்.

செவிக்குக் கல்வி

இதுவரை நான் சொன்னவை எல்லாம் எல்லா நாட்டுப் பாடநூலிலும் உள்ளவை. இனிச் சொல்வது நம் பாடநூலில் இல்லாதது.

விழித்திருக்கும் நோயாளிக்கு மருத்துவம் செய்கையில், அவர் சொல்லும் சொல்லே முதல் அளவுகருவி. ஊசிமுனை நரம்பையே தொட்டுவிட்டால் அவர், "காலுல மின்னல் வெட்டுனாப்புல இருக்கு" என்பார். அந்த நொடியில் ஊசியைப் பின்னிழுக்க வேண்டும். இழுக்காமல் மருந்தை அழுத்தினால் நரம்பு நிலையாகக் கெடலாம். மருந்து தவறிக் குருதிக்குழாயில் சேர்ந்தால், வலிப்பு வருவதற்கு முன் அவர், "உதடு மரமரங்குது", "நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு", "காதுல இரையுது", "வாயில செம்புக் காசு வச்ச மாதிரி இருக்கு" என்பார். அதனைக் கேட்டவர் ஊசியை நிறுத்தி, உயிர்வளி கொடுத்து, 20 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்மத்தை அணியமாக வைப்பார். 2006 முதல் இப்பால்மம் பல உயிர்களை மீட்டிருக்கிறது. கேளாதவர், அடுத்த மணித்துளியில் வலிப்பையும் அதற்கடுத்து நெஞ்சாங்குலை நிற்பதையும் காண்பார். தண்டுவட மருந்து அளவுக்குமேல் ஏறினால் தாய், "கை மரக்குது", "மூச்சு முட்டுது" என்பாள். அவள் குரல் தழையும். குருதியழுத்தம் இறங்கும்போது முதலில் வருவது, "குமட்டுது" என்னும் ஒரு சொல். அழுத்தங்காட்டும் பொறி அடுத்த முறை அளந்து சொல்வதற்குள், அச்சொல் வந்துவிடும்.

இச்சொற்களில் எதனையாவது நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோமா? இல்லை! ஆங்கிலப் பெயர்களைக் கற்பிக்கிறோம். நோயாளி ஆங்கிலத்தில் நோவதில்லையே!

மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன், என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். பூண்டு பயிரிடும் உழவர் ஒருவர் சரிவில் விழுந்து கையெலும்பு முறிந்து வந்திருந்தார். இரு கையிலும் காயம், ஒன்றில்தான் முறிவு. ஏட்டில் பக்கம் தவறாக எழுதப்பட்டிருந்தது. பயிற்சி மருத்துவர், வேற்று மாநிலத்தவர், உழைப்பாளி, நல்லவர். எந்தக் கை என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். உழவர், "சோத்தாங்கைங்க" என்றார். மருத்துவருக்கு அது விளங்கவில்லை. தலையசைத்துவிட்டு, ஏட்டில் உள்ளவாறு இடக்கழுத்தைத் துடைத்து ஊசியை எடுத்தார். மூலையில் நின்ற மூத்த செவிலி அம்மையார், "தம்பி, சோத்தாங்கைன்னா சோறு திங்கிற கை, வலக்கை" என்று கூவினார். நானும் அங்கேதான் நின்றேன். ஏட்டை நம்பி நானும் வாளா இருந்தேன். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

பிரித்தானிய மயக்கவியலார் இத்தகைய பிழையைத் தடுக்க, மறிக்குமுன் நில், பக்கத்தை மீண்டும் கேள் என்று ஓர் இயக்கமே நடத்தினர். நல்லது, நாமும் நிற்கிறோம், கேட்கிறோம். விடை விளங்க வேண்டாவா? சோற்றாங்கை, பீச்சாங்கை, நொட்டாங்கை, ஒரட்டாங்கை என்று ஊருக்கு ஊர் வழங்கும் சொற்களை அறியாமல், பக்கம் கேட்டு என்ன பயன்?

மற்றொன்று. மகப்பேற்று அறுவைக்கு முன், மரப்பு மார்புக்காம்பு மட்டம்வரை ஏறிவிட்டதா என்று குளிர்ந்த பஞ்சினால் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் மாணவர், தமிழ்நாட்டில் பிறந்தவரே, ஆங்கில வழியிலேயே பயின்றவர், தாயிடம், "தெரியுதாம்மா?" என்று கேட்டார். "தெரியுதுங்க" என்றாள். மருந்து பற்றவில்லை என்று முடிவு செய்து முழுமயக்கத்திற்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். சூலுற்ற பெண்ணுக்கு முழுமயக்கத்தில் மூச்சுக்குழல் செருகுவது எவ்வளவு இடர் மிக்கது என்பதை மருத்துவர் அறிவர். நான் அவளருகே குனிந்து, "தொடுறது தெரியுதா தாயி, இல்ல சில்லுனு இருக்குதா? குத்துதா?" என்று கேட்டேன். "தொடுறாப்புல இருக்கு, சில்லுப்பும் இல்ல, வலியும் இல்லீங்க" என்றாள். மரப்பு நன்றாகப் பற்றியிருந்தது. தண்டுவட மரப்பில் தொடுவதும் இழுப்பதும் ஓரளவு தெரியும். குளிரும் வலியுமே முதலில் போகும். ஒரு வினாவை மூன்று வினாவாகப் பிரித்துக் கேட்கத் தெரியாமையால் ஒரு தாய் வேண்டாத இடருக்கு உள்ளாக இருந்தாள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. மலையிலிருந்து வரும் பளியர், புலையர் குடிப் பெண்களும், தோட்டக் கூலிப் பெண்களும் மருத்துவர்முன் குறைசொல்ல நாணுவர். வலித்தாலும், "பரவாயில்லீங்க" என்பர். அச்சொல்லை அகரமுதலியில் தேடினால் பொருள் வேறு. அறுவை மேசையில் அதன் பொருள், "வலிக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன்" என்பது. முகத்தையும் பார்த்து, கை விரல் மடங்குவதையும் பார்த்து, "பொறுக்க வேண்டாம் தாயி, சொல்லு" என்று சொல்லத் தெரிந்தவரே அவளுக்கு மருத்துவர்.

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, பிடிப்பு, சுளுக்கு, திமிர், மரமரப்பு, விறுவிறுப்பு, நமைச்சல், சுரீர், சுள், விண்விண். நோவுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் சொற்களில் சில இவை. எரிச்சலும் சுரீரென்பதும் நரம்பு நோவின் அடையாளம். கடுப்பும் உளைச்சலும் தசை நோவின் அடையாளம். விண்விண் என்பது சீழ்கட்டிய நோவு. ஒவ்வொரு சொல்லும் ஒரு நோய்க்குறிப்பு. இவற்றையெல்லாம் "வலி" என்னும் ஒரே சொல்லில் அடக்கி, அதற்கும் பத்துக்கு எத்தனை எண் என்று மட்டும் கேட்கும் கல்வியைத்தான் நாம் தந்துகொண்டிருக்கிறோம்.

மானிப்பாய் காட்டிய வழி

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். இதுவும் இம்மலையோடு தொடர்புடையதே. 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரைத் திருத்தொண்டர். அவர்களுடைய மதுரைப் பணி, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்கத் திருத்தொண்டிலிருந்து கிளைத்தது. அந்த யாழ்ப்பாணத்திற்கு 1847இல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர். அவர் மானிப்பாயில் மருத்துவக் கல்வி தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் ஊரைவிட்டு அரசுப் பணிக்கும் நகரத்திற்கும் போய்விடுவதைக் கண்டார். தமிழில் கற்றவனே தமிழரிடையே தங்கி மருத்துவம் செய்வான் என்று தெளிந்து, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அறுவை மருத்துவ நூலை 1867இல் இரணவைத்தியம் என்னும் பெயரில் வெளியிட்டார். உடற்கூறு, மகப்பேறு, பொது மருத்துவம், வேதியல் ஆகியவற்றிற்கும் தமிழில் நூல்கள் வந்தன. அறுபதிற்கு மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் கற்றவர்.

அவருடைய கலைச்சொற்கள் அக்கால வழக்கப்படி வடசொல் மிகுந்தவை; நாம் இன்று அவற்றை அப்படியே ஆள மாட்டோம். ஆனால் அவர் கேட்ட வினா சரியான வினா. கற்றவன் எங்கே தங்குவான்? யாரோடு பேசுவான்? அமெரிக்காவில் பிறந்த ஒருவர் தமிழ் கற்று, தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமிழ்நாட்டில் பிறந்த நாம், கற்பிக்க இயலாது என்கிறோம்! அவர் 1884ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். நான்கு மாதம் கழித்தே கோலரின் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. மரப்பு ஊசியை அவர் அறியார். அறிந்திருந்தால், அதனைத் தமிழில் எழுதாமல் விட்டிருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

செய்யத்தக்கன

ஆங்கிலம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. உலகில் நாள்தோறும் வெளிவரும் ஆய்வுகளை அறிய அது வேண்டும். தமிழ் தெரிந்தால் போதும், கை பழகாவிட்டாலும் ஊசி தானே போகும் என்றும் சொல்லவில்லை. குருதி உறையாதவர்க்கும், ஊசி போடும் இடத்தில் சீழுள்ளவர்க்கும், வேண்டா என்று மறுப்பவர்க்கும் தண்டுவட ஊசி கூடாது. பகுதி மரப்பு பற்றாவிடில் முழுமயக்கத்திற்கு எல்லாம் அணியமாக இருக்க வேண்டும். இவை மொழியால் மாறுவன அல்ல. வேற்று மாநில மாணவரையும் நான் குறைகூறவில்லை. அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் பாதி அனைத்திந்திய ஒதுக்கீட்டில் போகின்றன, வருபவர் வருகின்றனர். வந்தவர்க்கு நோவின் தமிழைக் கற்பிக்காதது நம் குற்றம். நான் கற்பித்தவர்களுள் வடபுலத்து மாணவியொருவர், மூன்றே மாதத்தில், "சுரீர்னு இருக்கா, மரமரப்பா இருக்கா?" என்று கேட்கப் பழகினார். அவர் முன்னே நின்றால் நம் தாய்மாரின் அச்சம் பாதி போய்விடும்.

ஆகவே, நான் வேண்டுவன நான்கே.

முதலாவது, மயக்கவியல் பயிற்சி பெறும் ஒவ்வொருவர்க்கும், ஊசி பிடிக்கும் முன், நோவுச்சொற்களும் பக்கச்சொற்களும் நச்சுக்குறிச் சொற்களும் அடங்கிய சிறு தமிழ்ச் சுவடி கொடுக்கப்பட வேண்டும். ஐம்பது சொல் போதும். அவற்றைப் பேராசிரியர் மட்டும் தொகுத்தல் கூடாது. மூத்த செவிலியரும் ஊர் மருத்துவச்சியரும் உடனிருந்து தொகுத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒப்புகைத் தாள். தண்டுவட ஊசியால் வரக்கூடிய தலைவலியும் நடுக்கமும் அழுத்தக் குறைவும், படித்தால் விளங்கும் தமிழில் அதில் இருக்க வேண்டும். இன்று பல இடங்களில், விளங்காத தாளில் கைந்நாட்டு வாங்குகிறோம். அதனை ஒப்புகை என்று சொல்ல என் நா கூசுகிறது.

மூன்றாவது, தேர்வு. ஊசி செலுத்தும் திறனை ஆய்வது போலவே, விழித்திருக்கும் நோயாளியோடு அவர் மொழியில் பேசி, மரப்பின் மட்டத்தை அறியும் திறனையும் தேர்வில் ஆய வேண்டும். தேர்வில் இல்லாததை மாணவர் கற்பதில்லை. இது நான் கண்ட உண்மை.

நான்காவது உங்களுக்கு, தமிழன்பர்களுக்கு. கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்று நிற்கிறீர்கள், நிற்க வேண்டியதே. மருத்துவமனையின் அறுவை அரங்கு வாயிலிலும் சென்று நில்லுங்கள். அரிய சொல்லைப் படைத்து எங்களிடம் தருவதற்கு முன், உழவரும் கூலியாளரும் நாள்தோறும் ஆளும் சொல்லைக் கேட்டுத் தாருங்கள். தூய தமிழ் அவர்கள் வாயில் ஏற்கெனவே உள்ளது. உதடு மரமரக்கிறது என்னும் தொடரில் ஒரு பிறசொல்லும் இல்லை. அது ஓர் உயிரைக் காக்கும் தொடரும் ஆகும்.

இளவல்களே! நாளை உங்களில் ஒருவர் இம்மலையின் ஏதோ ஒரு மருத்துவமனையில், மழையிரவில், தனியாக நிற்பீர்கள். கூக்காலிலிருந்தோ கீழானவயலிலிருந்தோ ஒரு தாயைக் கொண்டுவருவார்கள். பெரிய கருவி எதுவும் இராது. உங்கள் கையில் ஒரு மெல்லிய ஊசியும், ஏறத்தாழ இரண்டு மில்லி மருந்தும் இருக்கும். ஊசி போட்டபின் அவளைப் படுக்கவைத்து, வலப்புட்டத்தின்கீழ் ஒரு துணிச்சுருளை வைத்து இடப்பக்கம் சாய்த்து, கம்பளி போர்த்தி, அவள் தலைமாட்டில் உட்காருங்கள். அவளோடு பேசுங்கள். பேர் என்ன, எத்தனையாவது பிள்ளை, வீட்டில் யார் யார் என்று கேளுங்கள். அவள் மறுமொழி தெளிவாக வருமட்டும் அவள் மூச்சு நன்று, குருதியோட்டம் நன்று, அறிவு நன்று. அம்மொழி தழைந்தால் உடனே எழுங்கள்.

அவள் உடம்பில் பாதி மரத்திருக்கும். மொழி மரத்திராது. அதனைக் கேட்கும் செவியோடு நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.